ஓயா மீனின் செவுளும் ஈரலும் என்ன சொல்லும்?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர் ஒருவர் கேட்டது இது: "எங்கள் லயங்களுக்குக் கீழே ஓடும் ஓயாவில் (சிற்றாற்றில்) முன்பு மாதிரி மீன் இல்லை என்று வயதானவர்கள் சொல்கிறார்கள். தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்று பதில் வந்தது. மீனின் இழையங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மாசு தெரியும் என்கிறார்களே, உண்மையா? உயர்தர மாணவர்களை வைத்து எங்களால் செய்ய முடியுமா?"

உண்மைதான் டீச்சர். ஆனால் உங்களுக்கு இதைச் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மீனின் இழையம், "இந்தத் தண்ணீரில் எனக்கு ஏதோ நடந்திருக்கிறது, ஏறக்குறைய இத்தனை நாளாக நடக்கிறது" என்று சொல்லும். என்ன கலந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லாது. இந்த மற்றப் பாதி தெரியாமல் நாலு மீனைப் பிடித்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு ஓடி, கடைசியில் யார் மீதோ பழி போட்டுச் சண்டையில் முடிந்த கதைகளும் உண்டு. மீன் இழையங்களை மெழுகில் பதித்து, வெட்டி, சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தண்ணீர்ப் பரிசோதனை. அது பொய் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்குப் போத்தலில் பிடித்த தண்ணீர் அந்த ஒன்பது மணியைப் பற்றி மட்டும்தான் சொல்லும். நம் மலையில் நடப்பது என்ன? காலையில் உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் மருந்து அடிக்கிறார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு மழை கொட்டுகிறது. சரிவில் இருக்கிற மண்ணும் மருந்தும் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஓயா தேத்தண்ணி நிறத்தில் ஓடுகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி. அத்தோடு, வழமையான பரிசோதனையில் பி.எச்., கலங்கல், நைத்திரேற்று, கோலிபோம் பற்றீரியா போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். பீடைநாசினி தேடுவதென்றால் அதற்கு வேறு கருவி, வேறு செலவு. அதிலும் எந்த மருந்து என்று ஓரளவாவது தெரிந்துகொண்டுதான் தேட வேண்டும். மீனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அது இரவும் பகலும் அங்கேதான் இருக்கிறது, அந்த இரண்டு மணி நேரத் தண்ணீரையும் அதுதான் செவுள் வழியாக இழுத்து விட்டது.

சந்தையில் மீன் வாங்கும்போது நாம் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம் அல்லவா, நிறம் சிவப்பாக இருக்கிறதா, சளி பிடித்திருக்கிறதா என்று? இந்த ஆய்வும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. செவுளை உங்கள் பாடப் புத்தகத்தில் பூ என்று போட்டிருப்பார்கள். சிவப்பாகத் தெரியும் ஒவ்வொரு பூவிழையின் இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவில் இருப்பது சில மைக்ரோமீற்றர் தடிப்புள்ள தோல் மட்டும்தான். அதற்குள்ளால்தான் ஒட்சிசன் உள்ளே போகிறது, அமோனியா வெளியே வருகிறது, உப்புச் சமநிலையும் அங்கேதான் நடக்கிறது. மீனின் உடலில் தண்ணீர் படும் பரப்பில் பாதிக்கு மேல் செவுள்தான் என்று சொல்வார்கள். அதனால் தண்ணீரில் என்ன வந்தாலும் முதல் அடி அங்கே விழும்.

அடி விழுந்தால் என்ன தெரியும்? சில மணி நேரத்திலேயே தகட்டின் மேல்தோல் கொப்பளம் போல உரிந்து மேலெழும்பும். தண்ணீர் தொடர்ந்து கெட்டிருந்தால், நாட்கள் வாரங்களாகும்போது, பற்களுக்கிடையில் கலங்கள் பெருகி இடைவெளியை அடைக்கும். கடைசியில் பக்கத்துப் பக்கத்துப் பற்கள் ஒட்டிக்கொண்டு சீப்பு ஒரே கட்டையாகிவிடும். இது ஒருவகையில் மீனின் தற்காப்பு. நஞ்சு இரத்தத்துக்குப் போகிற தூரத்தைக் கூட்டுகிறது. ஆனால் ஒட்சிசன் போகிற தூரமும் அதோடு கூடிவிடுகிறது. கோடையில் ஓயா வற்றி, தண்ணீர் சூடேறி, ஒட்சிசன் குறைகிற நாளில் அந்த மீன் தாங்காது. ஒருநாள் காலையில் செத்து மிதக்கும் மீனைப் பார்த்து "நேற்று யாரோ மருந்து கலந்துவிட்டார்கள்" என்று நாம் சொல்வோம். அடி விழுந்தது மூன்று மாதத்துக்கு முன்பாகவும் இருக்கலாம்.

இங்கே நம் மலைநாட்டுக்கென்று ஒரு விசயம் இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் ஓயாத் தண்ணீர் மென்னீர். பழைய கடினமான பாறைகள் மேல் ஓடி வருவதால் கல்சியமும் மகனீசியமும் குறைவு. சவர்க்காரம் போட்டால் நுரை போகாமல் அலசி அலசிக் கை ஓய்ந்துபோகிறதே, அதே காரணம்தான். வன்னீரில் கல்சியம் செவுளில் உள்ள இடங்களைப் பிடித்துக்கொண்டு செம்பு போன்ற உலோகங்களை ஓரளவு தடுக்கும். மென்னீரில் அந்தக் காவல் இல்லை. அதனால் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் மீனை அசைக்காத அதே அளவு செம்பு, இங்கே செவுளைப் பதம் பார்த்துவிடும். ட்ரவுட் மீனுக்கு மென்னீரில் லீற்றருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பே உயிராபத்து.

செம்பு எங்கே இருந்து வரும் என்று கேட்பீர்கள். தேயிலையில் கொப்புள நோய் 1946ஆம் ஆண்டு இந்த நாட்டுக்குள் வந்தது. அதிலிருந்து பனியும் தூறலுமான மாதங்களில் கொழுந்தைக் காப்பாற்றச் செம்பு கலந்த பங்கசுநாசினிகள் அடிப்பது வழக்கம். மரக்கறியிலும் செம்பு மருந்துகள் உண்டு. செம்பு மற்ற மருந்துகள் மாதிரி உடைந்து இல்லாமல் போகாது. மண்ணோடு ஒட்டியிருந்து, மண் கழுவிப் போகும்போது கூடவே போகும். செவுளில் அது சோடியத்தை உள்ளே இழுக்கும் நொதியத்தை முடக்குகிறது. மீன் மூச்சுத்திணறுவதற்கு முன்பே உப்பை இழக்கத் தொடங்கிவிடும். உங்கள் ஓயாவில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. சந்தேகப் பட்டியலில் முதல் வரிசையில் இதை வைப்பேன், அவ்வளவுதான்.

அடுத்தது ஈரல். செவுள் நேற்றையதையும் போன வாரத்தையும் சொன்னால், ஈரல் போன பருவத்தைச் சொல்லும். நஞ்சை உடைக்கிற வேலை ஈரலுக்கு என்பதால் அதன் கலங்கள் வீங்கும், உள்ளே கொழுப்புக் குமிழிகள் நிறையும், சில இடங்களில் கலங்கள் செத்துத் திட்டாகத் தெரியும். மஞ்சளும் மண்ணிறமுமாக நிறமிகளைச் சேர்த்து வைக்கும் கலக் கூட்டங்கள் ஈரலிலும் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் இருக்கும். மெலனோமக்ரோபேஜ் மையம் என்பார்கள். உடலின் குப்பைக் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசுள்ள இடத்து மீனில் அவை எண்ணிக்கையிலும் பருமனிலும் கூடும். வயதாலும் பட்டினியாலும் கூடும், அதுதான் தலைவலி. நீர்த்தேக்கங்களிலும் கண்டி வாவியிலும் பச்சைப் பெயின்ற் ஊற்றியது போலப் படருகிற நீலப்பச்சை அல்காவில் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை விடும். அது நேராக ஈரலைத் தாக்கும். அதையும் மறக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஈரலில் கொழுப்புக் குமிழி கண்டவுடன் மாசு என்று எழுதிவிடாதீர்கள். நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் சுற்றுலா வருகிறவர்கள் போடுகிற பாணையும் பொப்கோனையும் தின்று வளர்கிற மீனுக்குக் கொழுத்த ஈரல் இருக்கத்தான் செய்யும். முட்டை கட்டும் பருவத்துப் பெண் மீனின் ஈரலும் வேறு மாதிரித்தான் தெரியும். ஆண் எது, பெண் எது என்று பிரிக்காமல் ஈரலை ஒப்பிட்ட அறிக்கையை நான் இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை.

சிறுநீரகமும் பார்ப்போம். அதன் குழாய்க் கலங்கள் சிதைவதைப் பாரமான உலோகங்களோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். இனப்பெருக்க உறுப்புகள் வேறு கதை. இங்கிலாந்தில் கழிவுநீர் கலக்கும் ஆறுகளில் ரோச் என்ற ஆண் மீன்களின் விதையில் முட்டைக் கலங்கள் இருந்ததை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. சுத்திகரித்து விட்ட தண்ணீரிலும் பெண் ஓர்மோன் போல வேலை செய்யும் பொருட்கள் தங்கியிருந்தன என்பது அதிலிருந்துதான் பலருக்கு உறைத்தது.

இந்த முறை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துப் பிளாக் ஆறு. கரையில் இருந்த, நிலக்கரியைச் சுட்டுக் கோக் எடுக்கும் தொழிற்சாலையின் கழிவு ஆற்றுச் சேற்றில் படிந்திருந்தது. அங்கிருந்த கெளுத்தி வகை மீன்களில் 1982இல் 39 வீதத்துக்கு ஈரல் புற்றுநோய். தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. 1987இல் அது 10 வீதமாக இறங்கியது. தண்ணீரில் அளந்த இரசாயனத்தின் எண்ணைச் சொன்னால் மந்திரிக்கும் விளங்காது, மக்களுக்கும் விளங்காது. மீனின் ஈரலில் கட்டி குறைந்தது என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

சரி, இப்போது அந்த மற்றப் பாதி. செவுள் மாற்றங்களைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த மல்லட் என்பவர் 1985இலேயே சொல்லிவிட்டார்: பெரும்பாலான மாற்றங்கள் எந்த நஞ்சுக்கும் தனிப்பட்டவை அல்ல. செம்புக்கும் அமோனியாவுக்கும் களைநாசினிக்கும் செவுள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் பதில் சொல்லும். கழிவறைக் குழியிலிருந்து கசிந்தாலும் அதே பதில். மரக்கறித் தோட்டத்து மண் கரைந்து வந்து மாதக் கணக்கில் செவுளை உரசினாலும் கலங்கள் பெருகும். செவுளில் ஒட்டுண்ணிகள் குடியிருந்தாலும் அப்படித்தான். ஆகவே கண்ணாடித் தகடு ஒன்றை வைத்துக்கொண்டு "இது இன்ன தோட்டத்து மருந்து" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால்தான் இழையத்தோடு கூட வேறு ஒன்றிரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். ஓகனோபொசுபேற்று, காபமேற்று வகைப் பூச்சிமருந்துகள் மூளையில் உள்ள கோலினெஸ்ரரேசு என்ற நொதியத்தை அமுக்கும். மூளையில் அது குறைந்திருந்தால் சந்தேகம் குறிப்பாக அந்த வகை மருந்து பக்கம் திரும்பும். களனிப் பல்கலைக்கழகத்தில் திலாப்பியாவை வைத்து இந்த மாதிரி ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். சேற்றில் உலோகம் அளக்கலாம், ஈரலில் செம்பு அளக்கலாம். இழையம் "இங்கே தேடு" என்று கை காட்டும். பெயரைக் கண்டுபிடிக்க இரசாயனம் வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆய்வு கெட்டுப்போவது நுணுக்குக்காட்டிக்கு அடியில் அல்ல, ஓயாக் கரையில், மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்த முதல் பத்து நிமிடத்தில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நீர்த்தேக்கத்தில் பிடித்த மீன்களை ஐஸ் பெட்டியில் போட்டு, பஸ்ஸில் வந்து, அடுத்த நாள் காலையில் வெட்டினேன். கண்ணாடித் தகட்டில் பார்த்தால் செவுள் முழுக்க உரிந்து கிடந்தது. கடும் நஞ்சு என்று உற்சாகமாக எழுதிக்கொண்டு போனேன். பெரியவர் ஒருவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இது நஞ்சில்லை, மீன் அழுகியிருக்கு" என்றார். செத்த மீனில் செவுள்தான் முதலில் கரையத் தொடங்கும், அதுவும் நிமிடக் கணக்கில். உறைய வைத்தால் இன்னும் மோசம், பனிக்கட்டி கலங்களைக் கிழித்துவிடும். தலையில் அடித்துக் கொன்றால் செவுள் தகடுகளில் இரத்தம் பலூன் போலப் புடைக்கும். அதையும் மாசு என்று எழுதியவர்கள் உண்டு. மிதந்த மீனைப் பொறுக்கிக் கொண்டுவந்து பார்க்கச் சொல்வார்கள், பாவம், அவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். உயிரோடு பிடித்த மீனைக் கராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டு மயக்கி, அதிலேயே அடங்க விட்டு, உடனே நீளமும் நிறையும் எடுத்து, செவுள் வளைவு ஒன்றையும் ஈரல் துண்டையும் வெட்டி, அழுகாமல் காக்கும் போமலினில் போட வேண்டும். துண்டு அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் தடிக்கக் கூடாது, இல்லாவிட்டால் போமலின் நடுவுக்குப் போவதற்குள் உள்ளே கெட்டுவிடும். இழையத்தைப் போல் பத்து மடங்காவது போமலின் இருக்க வேண்டும். கடையில் வாங்குகிற போமலினை அப்படியே ஊற்றுவதில்லை. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, பொசுபேற்று உப்புகளால் நடுநிலையாக்கிய கரைசல்தான் வேண்டும். போமலின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். மாணவர் கையில் கொடுக்கவே கூடாது.

அதற்குப் பிறகு நடப்பது ஆய்வுகூட வேலை. மதுசாரத்தில் படிப்படியாக நீரை எடுத்து, சைலீனில் தெளிவாக்கி, பரபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் 5 மைக்ரோமீற்றர் அளவில் சீவி, ஹீமடொக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்களை ஏற்றுவோம். கலத்தின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். பிறகு புள்ளி போடுவோம். சுவிற்சர்லாந்தில் பேர்னெற்றும் அவரோடு சேர்ந்தவர்களும் 1999இல் வெளியிட்ட முறை பலரும் பின்பற்றுவது. மாற்றம் எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு 1 முதல் 3 வரை, எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு 0, 2, 4, 6. இரண்டையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒரு செவுளில் கலப்பெருக்கம் நடுத்தரமாக இருந்தால் 2 பெருக்கல் 4, எட்டு. அங்கங்கே கலங்கள் செத்திருந்தால் 3 பெருக்கல் 2, ஆறு. அந்த மீனுக்குப் பதினான்கு. எந்தத் தகடு எந்த ஓயாவிலிருந்து வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் இலக்கம் மட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும். தெரிந்தால் கண் தானாகவே சாய்ந்துவிடும், என் கண்ணும்தான்.

பதினான்கு அதிகமா குறைவா? தனியாக அதற்கு அர்த்தமே இல்லை. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம். மேல் பக்கம் ஓர் இடம், கீழ்ப் பக்கம் ஓர் இடம் என்று பாடப் புத்தகம் சொல்லும். நம் மலையில் அது அவ்வளவு லேசில்லை. மேலே போகப் போகக் குளிர் கூடும், மீன் வகையே மாறும். ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் இருக்கிறது, கொத்மலை நீர்த்தேக்கத்தில் திலாப்பியா இருக்கிறது. இரண்டையும் ஒப்பிடுவது மாட்டையும் ஆட்டையும் நிறுப்பது போல. திலாப்பியா எந்தச் சாக்கடையிலும் பிழைக்கிற முரட்டு மீன் வேறு. அதில் காயம் தெரியாவிட்டால் தண்ணீர் நல்லது என்று அர்த்தமில்லை. தெரிந்தால் நிலைமை உண்மையிலேயே மோசம். என் தெரிவு, கல்லோடு ஒட்டிப் பாசி மேய்கிற சிறு மீன். சிங்களத்தில் கல்பாண்டியா என்பார்கள். அது இடம் விட்டு அதிகம் நகராது, சேற்றோடும் பாசியோடும் வாழ்கிறது. நாட்டுக்கே உரிய மீன் என்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம். பக்கத்திலேயே, அதே உயரத்தில், தோட்டமும் மரக்கறியும் குறைந்த இன்னொரு கிளை ஓடை இருந்தால் அதுதான் உங்களுக்குச் சரியான ஒப்பீடு. இடத்துக்குப் பத்துப் பதினைந்து மீன், ஒரே அளவு, ஒரே பருவம். அல்லது ஒரே தொட்டியில் வளர்ந்த குஞ்சுகளைக் கூண்டில் போட்டு இரண்டு ஓடையிலும் மூன்று நான்கு வாரம் வைத்து எடுக்கலாம். கூண்டு திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் பெரிய ஆராய்ச்சி.

மாணவர்களை வைத்து முடியுமா என்றால், தகடு செய்கிற வேலை முடியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறையும் கால்நடை மருத்துவ பீடமும் இருக்கின்றன, அதிபர் மூலம் கடிதம் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஆனால் பாடசாலை நுணுக்குக்காட்டியிலேயே ஒன்று செய்யலாம். அப்போதுதான் கொன்ற மீனின் பூவிழை நுனியைக் கத்தரித்து, அதே ஓயாத் தண்ணீர் ஒரு துளியோடு தகட்டில் வைத்துப் பாருங்கள். சீப்புப் பற்கள் தனித்தனியாக இருக்கின்றனவா, நுனி குண்டாகிவிட்டதா, சளி எவ்வளவு, ஒட்டுண்ணி நெளிகிறதா, எல்லாம் தெரியும். அறிக்கை எழுத அது போதாது; எங்கே பார்க்க வேண்டும் என்று முடிவெடுக்கப் போதும். இதற்கும் முன்னால், மீனைத் தொடாமலே, கல்லைப் புரட்டிப் பூச்சிப் புழுக்களை எண்ணச் சொல்லுங்கள். சுத்தமான ஓடையில் மேஃபிளை, கடிஸ்பிளை போன்றவற்றின் புழுக்கள் பலவிதமாக இருக்கும். கெட்ட ஓடையில் சிவப்புப் புழுக்களும் அட்டையும்தான் மிஞ்சும். ஒரு தேயிலை அரிதட்டும் வெள்ளைத் தட்டும் இருந்தால் போதும்.

கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். செவுளில் காயம் இருப்பதால் பீலித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றோ, காயம் இல்லாததால் குடிக்கலாம் என்றோ அர்த்தமில்லை. மனிதனுக்கு வயிற்றோட்டம் தருகிற கிருமி மீனை ஒன்றும் செய்யாது. மீனைக் கொல்கிற செம்பு அளவு நமக்கு உறைக்கவே உறைக்காது. அந்த மீனைச் சாப்பிடலாமா என்பதற்கும் தகடு பதில் சொல்லாது. சதையில் என்ன தங்கியிருக்கிறது என்று தனியாக அளக்க வேண்டும்.

ஆகவே மீன் பிடிப்பதை இப்போதைக்கு விடுங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓயாவோரமாக ஒரு தடவை நடந்து, ஒரு படம் வரையச் சொல்லுங்கள். எந்த மலையின் கான் (வடிகால்) எங்கே விழுகிறது, மரக்கறித் தோட்டம் எந்தப் பக்கம், மருந்து கரைக்கும் தொட்டி எங்கே, கழிவறைக் குழிகள் எங்கே, வாகனம் கழுவுவது எங்கே, மீன் கடைசியாகக் கூட்டமாக இருந்த இடம் என்று வயதானவர்கள் காட்டுவது எது. பென்சிலால் வரையட்டும். மழையில் மை கரைந்துவிடும். அந்தப் படம் கைக்கு வந்தால், எந்த இரண்டு இடத்தை எடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.